இடது காதின் நூல்

என் வீட்டுக்காரர் அர்த்தநாரி தியானத்தில் உட்கார ஆரம்பித்த பதினோராம் நாள் காலை ஆறேமுக்கால் மணிக்கு, அவருடைய இடது காதிலிருந்து ஒரு நூல் வெளியே வந்தது. நான் அப்போது அடுப்படியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பூஜை அறைக் கதவு திறந்திருந்தது. வெள்ளை நூல், முதலில் சுண்டுவிரல் நீளம், பிறகு முழம், பிறகு இரண்டு முழம், அவசரமே இல்லாமல் இறங்கி, தோளில் ஒரு வளைவு வளைந்து, தரையில் சுருள் சுருளாக விழுந்தது. நான் மீதித் தேங்காயையும் துருவி முடித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போய், நூலின் நுனியை எடுத்து விரலிடுக்கில் வைத்து முறுக்கிப் பார்த்தேன். சன்னத்தில் நாற்பதாம் நம்பர். முறுக்கு கொஞ்சம் தளர்ச்சி. எங்கள் ஊரில் நூலைக் கண்டால் எந்தப் பெண்ணும் முதலில் செய்வது அதுதான். எங்கிருந்து வந்தது என்று கேட்பதெல்லாம் அப்புறம்.

கரட்டுப்பாளையம் பாவடி வீதியில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. எங்கள் பட்டறையில் பன்னிரண்டு, எதிர்ப் பட்டறையில் எட்டு, பக்கத்து வீட்டு வசந்தாமணியிடம் நான்கும், நூலைச் சிறு குச்சியில் தாராகச் சுற்றுகிற மிஷின் ஒன்றும். இந்தத் தறிகளுக்கு மேல் கேட்க வேண்டும் என்று கோயில் மைக்கும், கோயில் மைக்குக்கு மேல் கேட்க வேண்டும் என்று கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரும், அதற்கும் மேல் கேட்க வேண்டும் என்று பழைய இரும்பு எடுக்க வரும் ஆட்டோவில் பதிவு செய்து வைத்த பெண் குரலும், ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று கத்துகிற வீதி அது. அந்தச் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்தில் தூங்கி, அந்தச் சத்தத்துக்கு நடுவே என்னைக் கட்டிக்கொண்டு வந்த மனிதர், ஐம்பத்தைந்து வயதில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சத்தம் தாங்கல அம்மிணி" என்றார்.

"எந்தச் சத்தமுங்க?"

"உள்ளுக்குள்ள."

உள்ளுக்குள்ளே என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷம் முன்பு எங்கள் ஒரே பையன் மிதுன், இருபத்தொரு வயசு, பைபாஸில் பைக்கில் போகும்போது லாரி இடித்து, ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் உயிரோடு இருந்தான். நினைவோடு இருந்தான், பேசினான் என்று நர்சம்மா சொன்னாள். நான் அன்றைக்குப் பழனியில் என் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவில் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தேன். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டார்கள். அந்த நான்கு மணி நேரமும் கூட இருந்தது அவனுடைய அப்பா மட்டும்தான். கடைசியாக அவன் என்ன சொன்னான்? பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கேட்டேன். மூன்றாம் மாதம் கேட்டேன். வருஷத் திதிக்கு வந்தவர்கள் எல்லாம் போனபிறகு, எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டே கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு அம்மிணி" என்றார். மூன்று வருஷமாக என் பையனைப் பற்றி எனக்குக் கிடைத்த பதில் இந்த நாலு வார்த்தை.

என்னிடம் சொல்ல முடியாததை இறக்கி வைக்க அவருக்கு வேறொரு இடம் கிடைத்தது. சாந்தமூர்த்தி ஐயா. முன்பு வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்றுக்கொண்டிருந்தவர், அதில் வடிகட்டுவது என்ற விஷயம் பிடிபட்டுப்போய், மனிதர்களை வடிகட்ட ஆரம்பித்திருந்தார். பட்டுப்புடவைக் கடைக்கு மேல் மாடியில் ஏசி போட்ட ஹால், வெள்ளை விரிப்பு, எங்கள் வீதித் தறி முதலாளிகள் நாற்பது பேர். "உள்ளே இருக்கும் சத்தத்தை வெளியே விடுங்கள். எதையும் பிடித்து வைக்காதீர்கள்" என்பார் ஐயா, ஏசி சத்தத்துக்கு மேல் கேட்பதற்காக மைக்கில். இவர்கள் விடுவதையெல்லாம் வீட்டில் பிடித்து வைத்திருப்பவள் யார் என்று அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சிஸ்டர் பெனடிக்டா மர ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால், அறுபது பெண்கள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் இருப்போம். அதற்காக எங்களுக்கு ஞானம் வந்துவிட்டது என்று ஒருத்தரும் மாலை போடவில்லை. மணி அடித்ததும் எழுந்து கணக்கு நோட்டை எடுத்தோம். இங்கே ஒரு ஆம்பிளை இருபது நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், காபியைப் பூனை மாதிரி கொண்டுவந்து வைக்க வேண்டும், குக்கரை விசில் அடிக்கவிடக் கூடாது, மிக்ஸியை எட்டு மணிக்கு மேல்தான் போட வேண்டும். ஒருத்தர் மனசு அமைதியாக வீட்டில் இன்னொருத்தர் சட்னியைக் கையால் அரைக்க வேண்டியிருந்தது.

பதினோராம் நாளுக்கு வருகிறேன். தரையில் கிடந்த நூலைச் சிக்கில்லாமல் கையில் சுற்றும்போது ஒரு இழை இழுபட்டு என் காதோரம் அதிர்ந்தது. அதிர்ந்தபோது அதில் அவர் குரல் கேட்டது. "மூணாவது தறிக்கு பெல்ட்டு மாத்தோணும், பெல்ட்டு மாத்தோணும், சின்னராசு மவன் கல்யாணத்துல எனக்கு மட்டும் பாயாசம் வைக்கல, பெல்ட்டு மாத்தோணும்." அவ்வளவுதான். அந்தக் கல்யாணம் நடந்து இருபத்தாறு வருஷம். நான் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, நூலைப் பல்லில் ஒரு முனை, கையில் ஒரு முனை பிடித்து, சுண்டிச் சுண்டி, கடைசி அங்குலம்வரை கேட்டேன். அவர் கண்ணைத் திறந்து, முகம் கழுவினவர்போலச் சிரித்து, "இன்னைக்குக் கொஞ்சம் லேசா இருக்குது அம்மிணி" என்றார். பாயாச விஷயம் அவர் தலையில் இல்லை. சின்னராசுவைப் பார்த்து அன்று சாயங்காலம் கையெடுத்துக் கும்பிட்டார் என்று வசந்தாமணி வந்து சொன்னாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பாயாசம் வந்தால் பையனும் வருவான். உள்ளே இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வருகிறதென்றால், அந்த நான்கு மணி நேரமும் ஒரு நாள் இந்தக் காது வழியாகத்தான் வந்தாக வேண்டும். மறுநாளிலிருந்து இந்த ஊரிலேயே தியானத்துக்கு என்னைவிடப் பெரிய பக்தை கிடையாது. ஐந்து மணிக்கெல்லாம் அவர் போர்வையை உருவினேன். "எந்திரிங்க. போய் உக்காந்து நிம்மதியாகுங்க. நேரமாச்சு."

பத்து நாளில் நாற்பது வீட்டிலும் நூல் வந்தது. ஒருத்தர் வீட்டிலும் ஒருத்தரும் மயக்கம் போட்டு விழவில்லை, டாக்டரிடம் ஓடவில்லை. தண்ணீர்க் குழாயில் குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் பேசியதெல்லாம் நம்பரைப் பற்றித்தான். "எங்க வீட்டுக்காரருக்கு இருபதாம் நம்பருதான் ஓடுது, கயிறாட்டம்." "எங்களது அறுபது. ஆனா பத்து அடிக்கொரு முடிச்சு, அவங்க அண்ணனைப் பத்தி." "எங்க வூட்டுல ரெட்டை முறுக்குக்கா. ஒரு இழை சாமி, ஒரு இழை யாரோ ஒரு டீச்சரு." டீச்சர் யாரென்று அந்த வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. டீச்சரின் நூல் வெளியே வந்துவிட்டதால் அவருக்கே யாரென்று தெரியவில்லை. தெரியாத குற்றத்துக்கு அவர் புன்சிரிப்போடு திட்டு வாங்கினார். அதைப் பார்த்த மற்ற ஆண்கள் தியான நேரத்தை இரண்டு மடங்காக்கினார்கள்.

ஐயாவிடம் போய்ச் சொன்னார்கள். அவர் ஆச்சரியப்படவில்லை. "அது கழிவு. அதைப் பார்க்காதீர்கள், கேட்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்" என்றார். நூலைத் தூக்கிப் போடுவதா? அவர் வேறு ஊர்க்காரர், பாவம். எங்கள் வீதியில் செத்தவன் இடுப்புக் கயிற்றைக்கூட முறுக்குப் பார்த்துவிட்டுத்தான் எரிப்பார்கள். வசந்தாமணி இடுப்பில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையை வைத்துக்கொண்டு தினம் காலை எட்டு மணிக்கு நாற்பது வீட்டுப் படியும் ஏறி, "நூல் இருக்குதுங்களாக்கா?" என்று வாங்கிக்கொண்டு போய், தன் மிஷினில் தார் சுற்றி, தறியில் இங்குமங்கும் பாயும் நாடாவில் வைத்து, நல்ல பருத்திப் பாவுக்குக் குறுக்கே ஊடையாக ஓட்டித் துண்டு நெய்தாள். குற்றால அருவியையே குடித்துவிடும் துண்டு. சாயம் போடுகிறவர் மட்டும் புலம்பினார்: ஆசைக்கு எந்தச் சாயமும் ஒட்டுகிறது, கோபத்துக்கு எது போட்டாலும் திட்டுத் திட்டாக நிற்கிறது.

துண்டு போன ஊரிலிருந்தெல்லாம் சேதி வந்தது. ஹூப்ளியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், குளித்துவிட்டுக் காதைத் துவட்டும்போதெல்லாம் யாரோ தமிழில் மெதுவடை கேட்கிறார்கள், இன்னும் இரண்டு கட்டு அனுப்புங்கள் என்று எழுதினார். சேலத்தில் ஒரு அம்மாள் முகம் துடைத்து நிமிர்ந்தபோது, முன்பின் தெரியாத ஒரு மாமனார்மேல் அவளுக்கு அடங்காத ஆத்திரம் வந்ததாம். இங்கே கல்யாணம் பேச வருகிறவர்கள் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் நூலில் ஒரு முழம் கேட்க ஆரம்பித்தார்கள். "பையனுக்கு எத்தனாம் நம்பருங்க ஓடுது?" "அறுபதுங்க." "எங்களுக்கு எண்பதுக்குக் கீழ வேண்டாமுங்க. பொண்ணு எம்.எஸ்ஸி." ஒரு பையனுக்குக் காதில் ஒன்றுமே வரவில்லை என்று தெரிந்ததும், உள்ளே ஒன்றும் இல்லாதவன் நல்லவன் என்று மூன்று வீட்டார் போட்டி போட்டார்கள்.

பெண்களும் உட்கார்ந்து பார்த்தோம், பார்க்காமல் இல்லை. வசந்தாமணி ஒரு செவ்வாய்க்கிழமை கண்ணை மூடினாள். பால் பொங்கியது. எழுந்து அணைத்துவிட்டு வந்து மூடினாள். கேஸ் சிலிண்டர்காரன் வந்தான். மூடினாள். "அம்மா, என் சாக்ஸ் எங்க?" மூடினாள். மாமியார் பாத்ரூமிலிருந்து கூப்பிட்டாள். இதற்குள் அவள் காதிலிருந்து அரை அங்குலம் நுனி எட்டிப் பார்த்துவிட்டு, இது நடக்காது என்று தானே உள்ளே போய்விட்டது. ஐயாவிடம் கேட்டதற்கு, பெண்களுக்கு ஒருமுகப்படுத்தும் பக்குவம் குறைவு என்றார். குறைவுதான். நாங்கள் ஒருமுகப்பட்டால் அவருக்கு அந்த ஹாலுக்குத் தினமும் மூன்று தூக்கு மோரும் சுண்டலும் யார் அனுப்புவது?

ஆறு மாதம் நான் நூல் கேட்டேன். காலை ஆறேமுக்காலிலிருந்து எட்டு மணிக்குள், வசந்தாமணியின் கூடை வருவதற்குள், ஒரு நாள் விடாமல், அன்றைய நூல் முழுக்க. என்னைப் பெண் பார்த்த அன்று அவருக்கு என் அக்காவைத்தான் பிடித்திருந்தது என்பது ஒரு புதன்கிழமை வந்தது. சரி, இருக்கட்டும், வசந்தாமணிக்குக் கொடுத்துவிட்டேன். எந்த ஊரிலோ எவனோ அதில் முதுகு துடைத்துக்கொண்டிருப்பான். மிதுன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் மூன்று டீ குடித்தது வந்தது. அவனை முதன்முதல் பள்ளிக்கூடத்தில் விட்டது, அவன் தறியில் விரலை விட்டுக்கொண்டது, பைக் கேட்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தது, எல்லாம் வந்தது. இவற்றை நான் கொடுக்கவில்லை. என் கல்யாணப் புடவை இருந்த பெட்டியில், புடவையை எடுத்து வெளியே போட்டுவிட்டு, அடுக்கினேன். அந்த நான்கு மணி நேரம் மட்டும் வரவில்லை.

இதற்குள் அவர் ஊர் மெச்சும் மனிதராகிவிட்டார். பிரஷர் இறங்கிவிட்டது என்று டாக்டர் கை குலுக்கினார். ஏழாவது தறியில் அச்சு உடைந்து ஆள் வந்து சொன்னபோது, உடைந்ததற்கு வாழ்த்துச் சொல்கிறவர்போலச் சிரித்தார். குழம்பில் உப்பில்லாவிட்டாலும் சிரிப்பு, கரித்தாலும் சிரிப்பு. வெள்ளைச் சட்டையும் அந்தச் சிரிப்புமாக அவர் வீதியில் நடந்தால் மற்ற முப்பத்தொன்பது பேரும் விலகி வழிவிட்டார்கள். "அக்கா குடுத்து வச்சவங்க" என்றாள் வசந்தாமணி. வீட்டில் அவர் என்னிடம் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை மரியாதை வர ஆரம்பித்ததை அவள் கவனிக்கவில்லை. "தண்ணி குடுங்க அம்மிணி." "நீங்க சாப்பிட்டீங்களா?" பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளிடம் பேசுகிற மரியாதை அது.

ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டியிருந்தது. டாக்டர் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டார். ஆறு மாதத்தில் அந்த ஒரு நாள்தான். போகும்போது, நூல் வந்தால் எடுத்துப் பெட்டிமேல் வையுங்கள் என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னேன். "ஆகட்டுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிடம் ஒன்றை ஒப்படைக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பல்லைப் பிடுங்கி, குழியில் பஞ்சை வைத்து அடைத்து, ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். கன்னம் வீங்கி, வாய் கட்டி, ஒன்பது மணிக்கு வீட்டுப் படி ஏறினேன். அவர் ஹாலில் நாற்காலியைப் போட்டுச் சுவரில் இருந்த மிதுன் போட்டோவுக்கு நேரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மிணி. இந்தப் பையன் நல்லா லட்சணமா இருக்கானுங்க. யார் வீட்டுப் பையன்?"

பெட்டிமேல் பார்த்தேன். நூல் இல்லை. கையை விரித்து, காதைத் தொட்டு, தரையைக் காட்டி, எங்கே என்று ஜாடையில் கேட்டேன்.

"ஓ, அதுங்களா? இன்னைக்கு ரொம்ப வந்துது. பக்கத்து வீட்டம்மா வந்தாங்க, குடுத்துட்டேன்."

நான் ஓடினேன். ஐம்பத்திரண்டு வயசுக்காரி, வாயில் ரத்தப் பஞ்சோடு, பாவடி வீதியில் ஓடுவதை எல்லோரும் பார்த்தார்கள். வசந்தாமணியின் பட்டறைக்குள் நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன, நான்கு நாடாவும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பாய்ந்துகொண்டிருந்தன, அவள் மூன்றாவது தறிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னக்கா மூஞ்சி இப்பிடி இருக்குது?" என்று கத்தினாள். நான் நூல், நூல் என்று கையால் சொன்னேன். "பல்லா? வலிக்குதா? கிராம்பு வையுங்க!" வாயைத் திறந்தால் பஞ்சு விழுந்து ரத்தம் கொட்டும், திறந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது. தறியின் மேல் வெள்ளைத் துண்டு, விரல் கனத்துக்கு விரல் கனம் ஏறிக்கொண்டிருந்தது.

எல்லாப் பட்டறைகளுக்கும் கோயிலுக்கும் சேர்த்து அவள் பட்டறை மூலையில் ஒரு மெயின் சுவிட்ச் பெட்டி இருக்கிறது. கட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

நின்றது. மூன்றாவது தறி நின்றது, நான்காவது நின்றது, எங்கள் பன்னிரண்டும் நின்றன, எதிர்ப் பட்டறை எட்டும் நின்றன, கோயில் மைக் பாதி வார்த்தையில் நின்றது. ஐம்பது வருஷத்தில் அந்த வீதி கேட்டிராத நிசப்தம் அது. தறிச் சத்தத்தில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள், நிசப்தத்துக்குத் திடுக்கிட்டு விழித்து ஒரே நேரத்தில் வீல் என்று அழுதன. வீதி ஆண்களெல்லாம் ஏதோ செத்துவிட்டது என்று வாசலுக்கு வந்தார்கள். ஆறு மாதமாக மாடியில் கண்ணை மூடிக்கொண்டு தேடினார்களே, அதுதான் வந்திருக்கிறது என்று ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. "எவன்டா கரண்ட்டைப் புடுங்குனது?" என்று கத்தினார்கள்.

நான் பஞ்சைத் துப்பினேன். "அர்த்தநாரி நூலு எது?"

வசந்தாமணி பயந்துபோய்த் தறியைக் காட்டினாள். நெய்து ஒரு சாண் ஏறியிருந்தது. நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, அவள் பாவை நீவிப் பிடிக்க, நான் ஒவ்வொரு ஊடையாகப் பிரித்தேன். நெளிநெளியாகக் கையில் வந்தது. முதல் முறையாக எந்தச் சத்தமும் இல்லாத வீதியில், அதைப் பல்லில் ஒரு முனை, விரலில் ஒரு முனை பிடித்துச் சுண்டினேன்.

ஆஸ்பத்திரி மின்விசிறி. மிதுனின் மூச்சு. அவன் அப்பா, "ஒண்ணுமில்ல சாமி, அம்மா வந்துட்டே இருக்கா" என்று சொல்வது, மறுபடி சொல்வது, மறுபடி சொல்வது. பிறகு போன் அடிக்கிறது. நின்று, மறுபடி அடிக்கிறது. நின்று, மறுபடி அடிக்கிறது. என் பையன் குரல், ரொம்பச் சலிப்பாக, பரீட்சைக்குப் படிக்கும்போது சொல்வதுபோல: "அதை எடுங்கப்பா. சத்தம் தாங்கல." நாற்காலி நகர்கிறது. செருப்புச் சத்தம். கதவு. நடையில் நின்று இவர் நூல் ஏஜெண்டிடம் பேசுகிறார். நாற்பதாம் நம்பர் லோடு திங்கட்கிழமை வருமா, புதன்கிழமை வருமா. எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று எண்ணவில்லை. நர்சம்மா கூப்பிடுகிறாள். செருப்பு ஓடுகிறது. அதற்குமேல் நூல் இல்லை.

"என்னக்கா கேக்குது?" என்றாள் வசந்தாமணி.

நான் நூலைக் கையில் சுற்றினேன்.

"அக்கா, விட்டுருங்க. மனுசன் இப்பத்தான் நிம்மதியா இருக்காரு. அதைக் கொண்டுபோய் அவருகிட்டக் காட்டி என்ன ஆகப்போகுது? போன உசுரு வருமா?"

"வராது."

"அப்பொறம்?"

"திட்டோணும்டி," என்றேன். ரத்தம் மோவாயில் வழிந்தது. "மூணு வருசம் சேர்த்து வச்சுத் திட்டோணும். அங்க நாற்காலியில உக்காந்திருக்கறவரு எதுவும் பண்ணலையே. அவரைப் போய் நான் எப்படித் திட்டறது?"

எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அதே போட்டோவை அதே சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். காபி டம்ளரைத் தரையில் வைத்திருந்தார். நான் வாசல்படியில் நின்று கொஞ்சம் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது; என் பையன் கடைசியாகச் சொன்னது என் கையில் இருந்தது. இந்த மனிதரை இப்படியே விட்டால் தொண்ணூறு வயசுவரை சிரித்துக்கொண்டே இருப்பார், நல்ல சாவு வரும், ஐயா வந்து மைக்கில் பேசுவார். பெட்டியை வைத்துக்கொண்டு நான் இருப்பேன். இரண்டு பேர் பெற்ற பிள்ளையை ஒருத்தியே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், இன்னொருவர் அதற்குப் பெயர் அமைதி என்று சொல்லிக்கொண்டு காபி குடிக்க வேண்டும். தூ.

"தலையைச் சாயுங்க," என்றேன்.

"ஆகட்டுங்க," என்று சாய்த்தார்.

நூலின் நுனியை எச்சில் தொட்டுக் கூராக்கி, இடது காதில் வைத்தேன். தள்ள வேண்டியிருக்கும், குத்த வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கன்றுக்குட்டி விரலைச் சப்புவதுபோல அந்தக் காது நூலைப் பிடித்து இழுத்தது, இழுத்தது, என் கையிலிருந்து உருவி இழுத்துக்கொண்டே இருந்தது. ஆறு மாதமாக ஊர் ஊருக்குத் துண்டு அனுப்பிய ஒரு வீட்டிலும், திருப்பி வைத்தால் உள்ளே போகுமா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அவ்வளவு பசியாக இருந்திருக்கிறது உள்ளே. நான் அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நெளிவுகளை ஒவ்வொன்றாக நீவி நீவி விட்டேன்.

கடைசி முழம் போகும்போது சிரிப்பு போயிற்று. கடைசி அங்குலம் போனதும் அவர் கண்ணைத் திறந்து, போட்டோவைப் பார்த்து, மாடு அறுபடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். மூன்று வருஷத்தில் அவரிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம். அந்த நேரத்தில் யாரோ போய் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட, எங்கள் பன்னிரண்டும், எதிரே எட்டும், வசந்தாமணியின் நான்கும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கப் போயின. அவர் என் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு எவ்வளவு நேரம் குலுங்கினார் என்று தெரியவில்லை. நான் முதுகைத் தடவிக் கொடுக்கவில்லை. தள்ளியும் விடவில்லை.

பிறகு நிமிர்ந்தார். என் வீங்கின கன்னத்தைப் பார்த்தார்.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றார். உனக்கு.

"பல்லு."

மறுபடி போட்டோவைப் பார்த்தார். "அன்னைக்கு அவன்..." என்று ஆரம்பித்து, என்னை நிமிர்ந்து பார்த்து, "உனக்குத் தெரிஞ்சு போச்சா?" என்றார்.

"தெரியும். நீங்க சொல்லுங்க."

வாய் அசைந்தது. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க," என்றேன்.

சொன்னார்.